இலந்தையும் இல்லத்துச் சேமிப்பும்

மார்கழி பிறந்துவிட்டால் கரிசற் சீமையில் இலந்தை மரங்கள் பழுக்கத் தொடங்கும். விருதுநகர், அருப்புக்கோட்டை, சாத்தூர் வட்டாரங்களில் ஓடைக்கரையிலும் வரப்போரத்திலும் எவரும் நீர் பாய்ச்சாமலே நிற்கும் மரம் அது. தை, மாசி மாதங்களில் பழம் உதிர்ந்தவண்ணம் இருக்கும். பிள்ளைகள் பொறுக்கித் தின்றது போக எஞ்சியது மண்ணோடு மண்ணாகிவிடும். சித்திரையில் ஒரு பழம் வேண்டுமென்றாலும் கிடைப்பதில்லை. கைக்கெட்டும் இச்செல்வத்தை வீணாக்காது காப்பது எவ்வாறு என்பது அங்கத்தினர்கள் அனைவரும் சிந்திக்கத் தக்கதாகும்.

பொறுக்கித் தின்னும் காட்டுப் பழம் ஒன்று பெரும் பயிராக உயர்ந்த வரலாறு அமெரிக்காவில் உண்டு. நியூஜெர்சி மாநிலத்தில் புளூபெரி என்னும் நீலநிறச் சிறுகனி புதர்களில் தானே விளைந்து வந்தது. 1911ஆம் ஆண்டில் எலிசபெத் ஒயிட் என்னும் அம்மையார், அரசாங்கத் தாவர அறிஞர் ஒருவருடன் சேர்ந்து அதனைச் சீர்திருத்த முற்பட்டார். பழம் பறிப்போரிடம் துளையிட்ட அளவுகருவி ஒன்றைக் கொடுத்து, பெரும்பழம் காய்க்கும் புதரைக் காட்டியவர்களுக்குப் பணம் தந்தார். கண்டவர் பெயரையே அப்புதருக்கும் இட்டார். 1916இல் அப்பயிரின் முதல் விளைச்சல் சந்தைக்கு வந்தது. 1927இல் அவ்விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டனர்.

அந்நாட்டு இல்லங்களில் இப்பழத்தைக் கழுவாமலே சேமித்து, உண்ணும் வேளையில் மட்டும் கழுவுவர். ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதே காரணம். கேக் சுடும்போது பழம் அடியில் தங்கிவிடாதிருக்க உலர்ந்த மாவில் புரட்டி இடுவர். புளூபெரிக்குப் புளிப்புத்தன்மையுள்ள மண்ணும் குளிர்காலமும் வேண்டும். நமது கரிசல் மண்ணோ காரத்தன்மை உடையது. ஆகவே அச்செடி நமக்கு ஆகாது. அவர்கள் கையாண்ட வழி ஆகும்.

நமக்குக் கதிரவனே அடுப்பு. தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் சிவகாசியில் வேரூன்றத் துணைநின்ற வறண்ட வெயில், பழம் உலர்த்தவும் உதவுகின்றது. இதனை அறிந்தே நம் பாட்டிமார் இலந்தை வடை செய்தனர்.

செய்முறை எளியது. பனி உலர்ந்தபின் நன்கு பழுத்த பழங்களைப் பறித்துக்கொள்க. இலந்தைக்குப் பழ ஈ பெரும்பகை. துளை விழுந்தவற்றையும் புழுத்தவற்றையும் தயங்காமல் நீக்குக. உடனே வடை தட்ட இயலாவிடில், கழுவாமல் கூடையில் பரப்பி நிழலில் சில நாள் வைத்திருக்கலாம். செய்யும் நாளில் கழுவித் துடைத்து, ஒரு நாள் வெயிலில் வாட்டுக. ஒரு கிலோ பழத்துக்குக் கால் கிலோ வெல்லம், எலுமிச்சை அளவு புளி, எட்டு அல்லது பத்து மிளகாய் வற்றல், தேவையான உப்பு, சிறிது பெருங்காயம் போதும். மிளகாயையும் உப்பையும் முதலில் இடித்து, பின்னர் பழத்தைச் சேர்த்து உரலில் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். கொட்டையோடு இடிப்பதே பழைய வழக்கம். எனினும் சிறுவர்களுக்குச் செய்யும்போது கொட்டையை நீக்கிவிடுதல் நலம். வெல்லத்தையும் புளியையும் கூட்டிப் பிசைந்து, சிறு வடைகளாகத் தட்டி, மெல்லிய துணியால் மூடி, இருபுறமும் ஈரமற்றுப் போகும்வரை உலர்த்துக. நன்கு காய்ந்ததைப் பீங்கான் சாடியிலோ கண்ணாடிப் புட்டியிலோ இறுக மூடி வைத்தால் பல மாதம் கெடாது. மாதம் ஒருமுறை வெயில் காட்டுதல் வேண்டும். பூஞ்சணம் கண்டால் சுரண்டிவிட்டு உண்ணலாம் என்று எண்ணற்க, எறிந்துவிடுக.

இலந்தையில் வைட்டமின் சி மிகுதி. உலர்த்தும்போது அதில் பெரும்பங்கு குறைந்துவிடும். ஆதலின் பருவத்தில் பழமாகவே உண்டு, மிகுந்ததை மட்டும் வடையாக்குதல் அறிவுடைமை.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். பட்டாசு வேலைக்குச் சென்று வருவோர் உடையில் அலுமினியத் தூளும் பிற மருந்துத் தூள்களும் படிந்திருக்கும். குளித்து உடை மாற்றிய பின்னரே உணவுப் பண்டத்தைத் தொட வேண்டும். மருந்து உலர்த்திய களத்தில் பழத்தை உலர்த்தலாகாது. நெசவாளர் இல்லங்களிலும் நூலுக்குச் சாயமிட்ட பாத்திரத்தை இதற்கு எடுத்தலாகாது.

ஒரு வீட்டுச் சாடி அவ்வீட்டுக்கு மட்டுமே பயன்படும். பத்து வீட்டார் ஒன்றுகூடி, ஒரே அளவும் ஒரே சுத்தமும் காத்தால் அது வாணிபமாகும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் பெயரைப் பரப்பியதில் அவ்வூர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பங்குண்டு. 2019இல் அப்பண்டம் புவிசார் குறியீடும் பெற்றது. விற்பனைக்குச் செய்வோர் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ளுதல் கடமையாகும்.

மரத்தையும் சீர்திருத்தலாம். பனாரசி, உம்ரான், கோலா முதலிய உயர்ந்த இரகங்களின் மொட்டைக் காட்டிலந்தைக் கன்றில் ஒட்டுக்கட்டும் முறை நன்கு அறியப்பட்டதே. தத்தம் ஊரில் இனிய பழம் காய்க்கும் மரம் எதுவென்று பிள்ளைகளைக் கேட்டால் ஓடிச்சென்று காட்டுவார்கள். அம்மரத்தின் மொட்டும் அதற்குப் பயன்படும். மழை பொய்த்து மானாவாரிப் பயிர் கருகும் ஆண்டிலும் இலந்தை காய்க்கின்றது. தறி ஓய்ந்த நாளிலும் நிலம் காய்ந்த நாளிலும் நமது பெண்மக்கள் கையில் நான்கு காசு சேர அம்மரம் வழிகாட்டும். வரும் தையில் ஒரு பழமும் மண்ணில் மக்காதிருக்கச் சங்கந்தோறும் இப்பொழுதே கூடி முடிவு செய்வோமாக.