துளை சிறியதா என்பதல்ல கேள்வி: மலக்குடல் புற்றுநோயும் அறுவை முறைகளும்

மலக்குடலில் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னதும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, பிழைப்பாரா என்பதுதான். அடுத்தது, வயிற்றில் பை மாட்ட வேண்டுமா என்பது. இப்பொழுது மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது: "ரோபோவை வைத்து ஆபரேஷன் செய்யலாமா, டாக்டர்?"

மலக்குடல் என்பது பெருங்குடலின் கடைசிப் பகுதி. நீளம் சுமார் 15 செண்டிமீட்டர். இடுப்பெலும்புக் கூட்டுக்குள் அது அடைந்து கிடக்கிறது. முன்னால் சிறுநீர்ப்பை, இருபுறமும் சிறுநீரையும் தாம்பத்திய உறவையும் கட்டுப்படுத்தும் நரம்புகள். வாய் குறுகிய குடத்தின் அடியில் கைவிட்டுத் துழாவுவது போன்ற வேலை இது. ஆண்களின் இடுப்பெலும்பு குறுகலானது என்பதால் அவர்களுக்கு இன்னும் சிரமம்.

1982ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகர அறுவை மருத்துவர் பில் ஹீல்ட் ஓர் உண்மையை எடுத்துரைத்தார். மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையை, அதிலுள்ள நிணநீர் முடிச்சுகளுடன், கிழியாமல் ஒரே பொட்டலமாக எடுத்துவிட்டால் நோய் அதே இடத்தில் திரும்புவது வெகுவாகக் குறையும் என்பதே அது. பின்னர் வந்த முறைகள் யாவும் அந்தப் பொட்டலத்தை எட்டுவதற்கான வெவ்வேறு வழிகளே.

வயிற்றில் சிறு துளைகளிட்டுக் கேமரா வழியே செய்யும் லேப்ரோஸ்கோப்பி முறையில் வலி குறைவு, வீடு திரும்புவதும் விரைவு. 1,044 நோயாளிகளைக் கொண்ட ஐரோப்பிய ஆய்வின் முடிவு 2015இல் வெளிவந்தது. மூன்றாண்டுகளில் அதே பகுதியில் நோய் திரும்பியோர், வயிற்றைத் திறந்து செய்த பிரிவிலும் துளையிட்டுச் செய்த பிரிவிலும் 5 விழுக்காடே. ஆனால் அதே ஆண்டில் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வந்த ஆய்வுகளால், துளை முறையில் பொட்டலம் அதே தரத்தில் வெளிவருகிறது என்று நிறுவ முடியவில்லை.

ரோபோ தானாக அறுப்பதில்லை. மருத்துவர் சற்றுத் தள்ளி அமர்ந்து அதன் கைகளை இயக்குகிறார். 2017இல் வெளியான, 471 பேரைக் கொண்ட ஆய்வில், பாதியில் வயிற்றைத் திறக்க நேர்ந்தது ரோபோவில் 8.1 விழுக்காடு, லேப்ரோஸ்கோப்பியில் 12.2 விழுக்காடு. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்றே கணக்கு சொன்னது. 2025இல் சீனாவிலிருந்து வந்த பெரிய ஆய்வு ரோபோவுக்குச் சாதகமாக அமைந்தது: மூன்றாண்டுகளில் அதே பகுதியில் நோய் திரும்பியது 1.6 விழுக்காடு, லேப்ரோஸ்கோப்பியில் 4 விழுக்காடு. அங்கே கருவியைப் பிடித்தவர்கள் நன்கு பழகிய கைகள் என்பதையும் மறக்கக் கூடாது.

இனி நார்வே நாட்டில் நடந்தது. ஆசனவாய் வழியாகக் கீழிருந்து மேல்நோக்கிச் செய்யும் புதிய முறை 2010 வாக்கில் அறிமுகமாகி வேகமாகப் பரவியது. அடியில் இருக்கும் கட்டியை நேராகப் பார்க்க முடியும் என்பதால் பலரும் அதை நம்பினர். நார்வேயில் இவ்வாறு சிகிச்சை பெற்ற 157 பேரில் 12 பேருக்கு இடுப்புப் பகுதியில் நோய் திரும்பியது; சிலருக்கு ஒரே நேரத்தில் பல இடங்களில். 2018 இறுதியில் அந்நாடு அம்முறையை நிறுத்தியது. அறுவையின்போது குடலின் முனையை இறுக்கிக் கட்டும் தையல் நழுவினால் புற்றணுக்கள் சிந்திவிடக்கூடும் என்பது மருத்துவர்கள் கூறும் ஒரு விளக்கம்.

நெதர்லாந்திலும் இதைக் கணக்கெடுத்தார்கள். 12 மருத்துவமனைகளின் முதல் பத்துப் பத்து நோயாளிகளில், நோய் திரும்பியது 10 விழுக்காடு. தொடர்ந்து செய்துவந்த நான்கு மருத்துவமனைகளில், முதல் பத்துப் பேரை நீக்கிப் பார்த்தால், 4 விழுக்காடு. முறை ஒன்றுதான். அந்த முதல் பத்தில் ஒருவராக இருந்தவருக்கு அது தெரிந்திருக்குமா?

ஆகவே ரோபோ இருக்கிறதா என்று விசாரிப்பதற்கு முன், இந்த அறுவையை நீங்கள் ஆண்டுக்கு எத்தனை முறை செய்கிறீர்கள், உறை முழுமையாக வந்ததா என்று ஆய்வுக்கூட அறிக்கையில் எழுதுவார்களா என்று கேட்பது நோயாளியின் உரிமை. நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பையைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடலாம். குடலை இணைத்த இடம் ஆறும்வரை சில மாதங்களுக்கு மட்டும் வைக்கப்படும் பை பலருக்கு உண்டு. கட்டி ஆசனவாய்த் தசையையே பிடித்திருந்தால், எந்தக் கருவியைக் கொண்டு செய்தாலும் நிரந்தரப் பையைத் தவிர்ப்பது கடினம்.