ஒட்டுக் கத்தி துருப்பிடிக்காமல் காப்பது எப்படி?

ஆயுத பூஜைக்குத் தேய்த்துக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் இட்டு வைத்த கத்தியை, ஐப்பசி அடைமழை ஓய்ந்த பிறகு எடுத்துப் பார்த்தால், பொட்டு இட்ட இடத்தில்தான் முதலில் துரு ஏறியிருக்கும். சந்தனக் குழம்பின் ஈரம் அலகிலேயே தங்கிவிடுவதுதான் இதற்குக் காரணம். பூஜையில் தவறு ஏதும் இல்லை. மறுநாள் துடைத்து எண்ணெய் தடவாமல் விட்டதுதான் தவறு.

மண்வெட்டியிலும் கடப்பாரையிலும் கொஞ்சம் துரு இருந்தால் வேலை கெட்டுவிடாது. மண்ணில் நாலு முறை போட்டால் துரு தானே தேய்ந்து போகும். ஆனால் மடக்கி மடியில் செருகிக்கொள்ளும் ஒட்டுக் கத்தியின் விஷயம் வேறு. அதன் முனையில் கடுகளவு துரு இருந்தாலும் நஷ்டம் உண்டு. அந்த நஷ்டம் அன்றைக்கே கண்ணுக்குத் தெரிவதும் இல்லை.

ஒட்டும் கத்தியும்

மாவிலும் முந்திரியிலும் இப்போது மென்தண்டு ஒட்டு முறையே பெரிதும் கையாளப்படுகிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர்ப் பகுதியில் மா ஒட்டுக் கன்றுகளும், கடலூர் மாவட்டம் விருத்தாசலம் பகுதியில் முந்திரி ஒட்டுக் கன்றுகளும் உற்பத்தி செய்யப்படுகின்றன. இம்முறையில் தாய் மரத்துக் குச்சியை ஆப்பு போல இரு பக்கமும் சீவ வேண்டும். வேர்க்கன்றின் தண்டை நடுவில் பிளக்க வேண்டும். ஆக, ஓர் ஒட்டுக்குக் குறைந்தது மூன்று வெட்டு. நூறு கன்று ஒட்டுபவர் ஒரே கத்தியால் முந்நூறு முறை வெட்டுகிறார்.

பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே காகிதம் போன்ற மெல்லிய வளர்திசு ஒன்று இருக்கிறது. குச்சியின் வளர்திசுவும் கன்றின் வளர்திசுவும் இடைவெளி இல்லாமல் பொருந்தினால்தான் ஒட்டுப் பிடிக்கும். கத்தி ஒரே இழுப்பில் சீவினால் வெட்டுமுகம் கண்ணாடி போல் சமமாக இருக்கும். துரு அரித்த அலகின் முனையில் கண்ணுக்குத் தெரியாத பற்களும் பள்ளங்களும் உண்டாகிவிடும். அத்தகைய கத்தி வெட்டாது, கிழிக்கும். கிழிந்த முகங்களைச் சேர்த்து எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் உள்ளே சந்து இருக்கும். அந்தச் சந்தில் நீர் கோத்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

துருவே செடிக்கு விஷம் என்று சிலர் எண்ணுவது உண்டு. அப்படியல்ல. முனை சொரசொரப்பாவதும், துருவின் பள்ளங்களில் பழைய சாறும் கிருமிகளும் தங்கி அடுத்த செடிக்குப் போவதுமே தீங்கு. ஒட்டுத் துளிர்த்ததா, கருகியதா என்பது மூன்று வாரத்துக்குப் பின்னரே தெரியவரும். அதற்குள் குச்சியும், வளர்த்த வேர்க்கன்றும், கட்டுக்கூலியும் போய்விட்டிருக்கும். நஷ்டம் வந்த பிறகு குச்சியைக் குறை சொல்வார்கள், மழையைக் குறை சொல்வார்கள். கத்தியைப் பார்ப்பவர் குறைவு.

துரு ஏன் பிடிக்கிறது?

இரும்பு, காற்றிலுள்ள பிராணவாயு, ஈரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகும். இவற்றில் ஈரம் ஒன்றைத் தடுத்துவிட்டாலே போதும். சொட்டச் சொட்ட நனைய வேண்டும் என்பதும் இல்லை. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு அறுபதைத் தாண்டும்போதே துருப்பிடிக்கும் வேகம் கூடிவிடுகிறது. நம் பக்கத்து மழைக்காலத்தில் ஈரப்பதம் பெரும்பாலும் இதற்கு மேல்தான் இருக்கிறது.

உப்பும் புளிப்பும் சேர்ந்தால் வேகம் பல மடங்கு அதிகம். மடியில் செருகிய கத்தியில் வியர்வை உப்பு ஏறுகிறது. கடலோர ஊர்களில் காற்றே உப்பைக் கொண்டுவருகிறது. எலுமிச்சை, மாங்காய், புளியங்காய் ஆகியவற்றின் சாறு அமிலமாக நின்று அரிக்கிறது. பொட்டாஷ், அம்மோனியம் சல்பேட் போன்ற உரங்களும் உப்புகளே. உர மூட்டை அடுக்கிய அறையில் கத்தியை வைத்தால் துருவுக்கு விருந்து வைத்தது போலத்தான்.

செம்பின் மேல் ஏறும் பச்சைப் படலம் உள்ளே இருக்கும் செம்பை ஓரளவு காக்கும். இரும்பின் துரு அப்படிக் காப்பதில்லை. அது பொருக்குப் பொருக்காய் உதிர்ந்து புது இரும்பைக் காற்றுக்குக் காட்டும். உதிராமல் இருக்கும் துருவும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எனவே ஒரு புள்ளித் துருவைக் கவனிக்காமல் விட்டால் அது தானாக நிற்காது.

கறை வேறு, துரு வேறு

வாழைத் தண்டையோ மாங்காயையோ நறுக்கிய கத்தி கறுத்துப்போவதைப் பார்க்கலாம். இது துரு அல்ல. அவற்றின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து உண்டாகும் கறுப்புக் கறை. சமமாகப் படிந்த கறுப்பு நிறத்தால் கத்திக்குக் கெடுதல் இல்லை. அதைப் போக்க வேண்டும் என்று தினமும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்கள் கத்தியின் ஆயுளைத்தான் குறைக்கிறார்கள். செம்மண் நிறத்தில், விரலால் தொட்டால் பொடியாக ஒட்டுவதே துரு. அதைக் கண்டால் அன்றே எடுத்துவிட வேண்டும்.

அன்றாடம் செய்ய வேண்டியது

வேலை முடிந்ததும் அலகை ஈரத் துணியால் துடைத்துச் சாறும் பாலும் போக்க வேண்டும். பால் பிசுபிசுப்பாக ஒட்டியிருந்தால் துணியில் சிறிது மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துப் பிறகு சோப்புத் தண்ணீரால் கழுவலாம். உப்புக் கிணற்றுத் தண்ணீரில் கழுவக் கூடாது. நல்ல தண்ணீரே வேண்டும். கழுவியதும் உலர்ந்த துணியால் துடைத்து, கத்தியை விரித்தபடியே கால் மணி நேரம் காற்றாட வைக்க வேண்டும். மரப் பிடியும் கொம்புப் பிடியும் கடும் வெயிலில் வெடிக்குமாதலால் நிழலில் வைப்பதே நல்லது.

மடக்குக் கத்தியில் துரு முதலில் பிடிப்பது அலகில் அல்ல. அலகு திரும்பும் ஆணியிலும், உள்ளே இருக்கும் வில்லிலும், அலகு படியும் பள்ளத்திலும்தான் அது தொடங்குகிறது. அங்கே சாறும் தூசியும் சேர்ந்து காயாமல் கிடக்கும். ஒரு மெல்லிய குச்சியில் துணியைச் சுற்றிப் பள்ளத்தைத் துடைக்க வேண்டும். பிறகு ஆணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு நாலைந்து முறை மடக்கி விரித்தால் எண்ணெய் உள்ளே போய்விடும்.

வெட்டிவிட்டுச் சட்டென்று மடக்கிப் பையில் போடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதற்கு இது சமம். மேற்சொன்ன வேலை முழுவதற்கும் ஆகும் நேரம், காற்றாட வைப்பது நீங்கலாக, இரண்டு நிமிஷம்தான்.

எந்த எண்ணெய் நல்லது?

ஆணிக்கும் வில்லுக்கும் தையல் மிஷின் எண்ணெயே ஏற்றது. அது கெட்டுப் புளிக்காது, பிசினாகவும் மாறாது. அலகுக்கு விளக்கெண்ணெய் நன்று. அது கெட்டியானது, காய்ந்து போகாமல் நெடுநாள் நிற்கும். ஒரு சொட்டை விரலில் தொட்டு அலகின் இரு பக்கமும் முதுகிலிருந்து முனை நோக்கித் தடவினால் போதும். எண்ணெய் வழியத் தேவையில்லை. வழிந்தால் தூசிதான் ஒட்டும்.

நல்லெண்ணெயும் ஆளி விதை எண்ணெயும் நாளாவட்டத்தில் பிசினாகி ஆணியை இறுக்கிவிடும். தேங்காய் எண்ணெய் அவசரத்துக்கு உதவும். ஆனால் சிக்குப் பிடித்த எண்ணெயில் அமிலம் இருப்பதால் வாரத்துக்கு ஒரு முறை துடைத்துப் புதிதாகப் போட வேண்டும். எஞ்சினிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஒட்டுக் கத்திக்குத் தொடவே கூடாது. அதில் அமிலமும் கரியும் உலோகத் தூளும் கலந்திருக்கும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. எண்ணெய் பூசிய கத்தியால் அப்படியே ஒட்டுக்குச் சீவக் கூடாது. வெட்டுமுகத்தில் எண்ணெய் படிந்தால் ஒட்டுச் சேராது. வேலைக்கு முன் உலர்ந்த துணியால் எண்ணெயைத் துடைத்து, பிறகு ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒரு முறை துடைத்து உலரவிட வேண்டும். இதனால் கிருமிகளும் ஒழியும். ஸ்பிரிட் தீப்பற்றக் கூடியது. பீடி, அடுப்பு அருகில் இருக்கக் கூடாது. பிளீச்சிங் பவுடர் கரைசலில் கத்தியை முக்குவதும் கிருமியைக் கொல்லும். ஆனால் அது இரும்பைக் கடுமையாக அரிக்கும். அதை உபயோகித்தால் உடனே நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிட வேண்டும்.

எங்கே வைப்பது?

தோல் உறை பார்க்க அழகுதான். ஆனால் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பதனிட்ட உப்பும் மருந்தும் அதில் மிச்சம் இருக்கும். வேலை நேரத்தில் உறையில் வைக்கலாம். மாதக்கணக்கில் அதிலேயே விடக் கூடாது. எண்ணெய் தோய்ந்த துணியில் சுற்றி மூடியுள்ள டப்பாவில் வைப்பதே சிறந்தது. துணியை டப்பாவுக்குள் வைக்கும்போது அது நன்கு உலர்ந்திருக்க வேண்டும். மண் தரை, சமையலறைப் பரண், மாட்டுக் கொட்டகைக் கூரை, உர அறை ஆகிய இடங்களைத் தவிர்க்க வேண்டும்.

நெடுநாள் எடுக்காத கத்திக்கு வாஸ்லினையோ, இளஞ்சூட்டில் உருக்கிய தேன்மெழுகையோ மெல்லப் பூசி வைக்கலாம். அப்போதும் மாதம் ஒரு முறை திறந்து பார்ப்பது அவசியம்.

துரு ஏறிவிட்டால்

மேலாகத் தெரியும் துருவை எண்ணெய் தொட்ட துணியில் சலித்த செங்கல் பொடி வைத்துத் தேய்த்தால் போக்கிவிடலாம். அழுத்தமான துருவுக்குப் புளிக்கரைசலோ எலுமிச்சைச் சாறோ தடவிக் கால் மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம். புளிப்பு துருவைக் கரைக்கும். அதையே மறந்து விட்டுவைத்தால் இரும்பையும் தின்னும். ஆகவே உடனே சோடா உப்புக் கரைத்த நீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து எண்ணெய் போட வேண்டும்.

சாணை பிடிக்கும்போது கவனம் தேவை. ஒட்டுக் கத்திகள் பலவற்றிலும் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் சரிவாகவும் இருக்கும். சரிந்த பக்கத்தை மட்டுமே கல்லில் தீட்ட வேண்டும். தட்டைப் பக்கத்தைச் சரித்துத் தீட்டினால் வெட்டுமுகம் நேராக விழாது.

கத்தியைச் சீக்கிரம் உலர்த்த அடுப்பில் காட்டுவது பெருந்தவறு. அலகில் நீலம் பாய்ந்தால் கொல்லர் வைத்த தோய்ச்சல் போய்விட்டது என்று பொருள். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது.

எவர்சில்வர் கத்தி வாங்கினால் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். எவர்சில்வர் எஃகில் நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாமல் குரோமியம் இருக்கும். அதனால் உண்டாகும் மெல்லிய படலம் இரும்பைக் காக்கிறது. ஆயினும் வியர்வை உப்பும் உரத்தூளும் நெடுநேரம் தங்கினால் அதிலும் ஊசி முனைப் பள்ளங்கள் விழும். மலிவான எவர்சில்வர் கத்திகள் கூர் நிற்பதிலும் பின்தங்குகின்றன. எதை வாங்கினாலும் துடைக்கும் வேலை உண்டு.

போர்டோ கலவையும் கத்தியும்

துருவில்லாத கத்திக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஒரு சத போர்டோ கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. கலவை சரியாக அமைந்ததா என்று அறியப் பளபளப்பான கத்தி அலகை அதில் ஒரு நிமிஷம் முக்கிப் பார்ப்பது வழக்கம். அலகில் செம்பு நிறம் படிந்தால் கலவையில் செம்பு மிச்சம் இருக்கிறது, இலை கருகும். நிறம் படிவது நிற்கும் வரை சுண்ணாம்பு நீர் சேர்க்க வேண்டும். துரு ஏறிய அலகில் துருவின் நிறம் எது, செம்பின் நிறம் எது என்று பிரித்தறிய முடியாது. சோதனையும் பொய்த்துப்போகும். இந்தச் சோதனைக்கு ஒட்டுக் கத்தியை எடுக்காமல் பழைய கத்தி ஒன்றைத் தேய்த்துத் தனியே வைத்துக்கொள்வது நல்லது. படிந்த செம்பு, அடுத்திருக்கும் இரும்பை மேலும் அரிக்கும்.

கையில் பட்டால்

துருவால்தான் ரணஜன்னி வருகிறது என்பது சரியல்ல. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமியால் அது வருகிறது. பளபளக்கும் கத்தியில் மண் ஒட்டியிருந்தாலும் ஆபத்து உண்டு. வெட்டுப்பட்டால் சோப்பும் நல்ல தண்ணீரும் கொண்டு கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டித் தடுப்பூசி போட வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சாணமோ மண்ணோ அப்பிக் கட்டவே கூடாது.

கத்தியைப் பேணுவதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு பழந்துணி, ஒரு சிறு குப்பி எண்ணெய், மாலையில் இரண்டு நிமிஷம், இவ்வளவே தேவை. ஆண்டுக்கு ஒரு நாள் பொட்டிட்டுக் கும்பிடுகிற கத்தியை ஒவ்வொரு மாலையும் துடைத்து வைத்தால், மூன்று வாரம் கழித்து ஒட்டுக் கன்றில் துளிரைப் பார்க்கலாம்.