ரோசாப்பூ துரையும் ரேகைச் சட்டமும்

மதுரை ஆனையூரிலிருந்து உசிலம்பட்டிப் பக்கம் செல்வோர், 'ரோசாப்பூ' என்னும் பெயருடைய ஆண்களை அங்கே காணலாம். பெண் பெயர்போல் ஒலிக்கும் இதன் பின்னே நிற்பவர் ஒரு வழக்கறிஞர். கேரளத்துச் செங்கன்னூரில் 1887இல் பிறந்து, இலண்டனில் பாரிஸ்டராகி, மதுரையில் தொழில் நடத்திய ஜார்ஜ் ஜோசப் என்பவரே அவர். ஜோசப் என்ற பெயர் கிராமத்தார் நாவில் ரோசாப்பூ ஆயிற்று என்பர். வெள்ளையருக்கே உரியதாயிருந்த 'துரை' பட்டத்தையும் மக்கள் அவருக்குச் சேர்த்துக் கொடுத்தனர்.

அவர் எதிர்த்தது குற்றப் பரம்பரைச் சட்டத்தை. 1871இல் வட இந்தியாவில் பிறந்த அச்சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. பிறமலைக் கள்ளர் அதன் வலையில் வீழ்ந்தனர். கைரேகை பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும். வெளியூர் செல்ல 'ராத்திரிச் சீட்டு' வேண்டும். இவற்றினும் கொடியது வேறொன்று. ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால், அவ்வறிவிப்பு செல்லுமா என எந்த நீதிமன்றமும் வினவக் கூடாது. வழக்குரைஞர் எதை வாதாடுவார்? கட்சிக்காரர் செய்ததை மறுக்கலாம், பிறந்ததை மறுப்பதெங்ஙனம்?

ஃபிக்ஹு பாடத்தில் மாணவர்க்கு நாம் முதலில் கற்பிப்பது 'பராஅத்துத் திம்மா'. எந்த மனிதனும் இயல்பில் பழியற்றவன், நிரூபிக்கும் சுமை வாதியுடையது என்பதே அதன் பொருள். ஆங்கிலேயர் தம் நாட்டு நீதிமன்றங்களிலும் இக்கோட்பாட்டையே போற்றினர். கள்ளருக்கு மட்டும் அது தலைகீழாயிற்று.

1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை பதிய மறுத்தனர். போலீசார் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டனர். கள்ளர்க்காகவும் மறவர்க்காகவும் ஜோசப் பல வழக்குகளை நடத்தினார், பத்திரிகைகளிலும் எழுதினார். சட்டத்தின் வாயில் அடைபட்டிருந்த இடத்தில் பொதுமக்கள் மன்றமே அவருக்கு இரண்டாம் நீதிமன்றமாயிற்று. கட்டணம் கொடுக்க வழியற்ற ஏழைக்குப் பாரிஸ்டர் ஒருவர் துணை நிற்பது அன்று அரிது. இன்று அத்தகையோர்க்கு இலவச வழக்கறிஞர் தர 1987ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. ஆயினும் 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோரில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகளே.

ஜோசப் 1938இல் மதுரையில் காலமானார். சென்னை மாகாணம் அச்சட்டத்தை நீக்கியது 1947இல். நாடு முழுவதும் நீங்கியது 1952இல். ஏடுகளிலிருந்து அதன் எச்சம் அகல மேலும் பல்லாண்டுகள் பிடித்தன. சிறை விதிமுறைகளில் சாதி பார்த்து வேலை ஒதுக்கிய பிரிவுகளையும், சீர்மரபினரைப் பழங்குற்றவாளிகளாகக் கருதிய பிரிவுகளையும் உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்றுதான் செல்லாதென அறிவித்தது.