கடன் யார் தலையில்?

அமெரிக்காவின் பெரிய பொம்மைக் கடைத் தொடரான ‘டாய்ஸ் ஆர் அஸ்’ 2005-ல் 660 கோடி டாலருக்குக் கைமாறியது. கேகேஆர், பெய்ன் கேபிடல் என்ற இரண்டு பிரைவேட் ஈக்விட்டி நிறுவனங்களும் வொர்னாடோ என்ற ரியல் எஸ்டேட் நிறுவனமும் சேர்ந்து அதை வாங்கின. மூன்றும் போட்ட பணம் ஏறக்குறைய 130 கோடி டாலர்தான். மீதியில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனை அந்த மூன்று நிறுவனங்களும் தங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளவில்லை. பொம்மைக் கடையின் கணக்கில் ஏற்றினார்கள்.

வீட்டுக் கடனில் தவணை கட்டுவது வீட்டை வாங்கியவர். இங்கே வீடே தன் விலைக்குத் தானே தவணை கட்டுகிறது. ஏன் இப்படி என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். 100 கோடி ரூபாய்க்கு ஒரு கம்பெனியை வாங்குகிறோம். நம் பணம் 20 கோடி, கடன் 80 கோடி. ஐந்து ஆண்டுகளில் கம்பெனி தன் வருமானத்திலிருந்து வட்டியைக் கட்டி, அசலிலும் 20 கோடியை அடைக்கிறது. விலை ஒரு பைசா ஏறாமல் அதே 100 கோடிக்கு விற்றாலும், மிச்சக் கடன் 60 கோடி போக நம் கைக்கு 40 கோடி வரும். போட்டது இரட்டிப்பாகிவிட்டது. மாறாக, விலை 80 கோடிக்கு இறங்கி, அசலும் அடைபடாமல் இருந்தால் நம் 20 கோடி முழுதும் போய்விடும். ஆனால் அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட நம்மிடம் யாரும் கேட்க முடியாது. லாபத்துக்கு உச்சவரம்பு இல்லை, நஷ்டத்துக்கு உண்டு.

அந்த 20 கோடியும் பெரும்பாலும் வேறொருவர் பணம். ஆசிரியர்கள், அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதிகள், பல்கலைக்கழக அறக்கட்டளைகள், காப்பீட்டு நிறுவனங்கள் ஆகியவை பிரைவேட் ஈக்விட்டி நிறுவனங்கள் நடத்தும் நிதிகளில் சுமார் பத்தாண்டுக்கு ஒப்பந்தம் போட்டுப் பணத்தைக் கொடுக்கின்றன. நிர்வகிப்பவர்களுக்கு வழக்கமான கூலி, ஆண்டுக்கு 2 சதவீதக் கட்டணம். லாபத்தில் 20 சதவீதப் பங்கு. பத்தாண்டில் பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருப்பதால், வாங்கிய கம்பெனியை அதற்குள் விற்றாக வேண்டும், அல்லது பங்குச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும்.

இந்தியாவில் இந்த முறை அரிதாக இருந்ததற்குக் காரணம், ஒரு கம்பெனியின் பங்குகளை வாங்குவதற்கு வங்கிகள் கடன் கொடுப்பதை ரிசர்வ் வங்கி நீண்ட காலம் கடுமையாகக் கட்டுப்படுத்தி வைத்திருந்ததுதான். 2025 அக்டோபரில் இந்தியக் கம்பெனிகளுக்கு அந்தக் கதவைத் திறக்கப்போவதாக அறிவித்தது. ஆகவே டாய்ஸ் ஆர் அஸ் கதையை வேறு ஊர்ச் செய்தி என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

முதலீட்டு வங்கிகள் எங்கே வருகின்றன? இரண்டு பக்கமும். விற்பவர் அமர்த்தும் வங்கி, கம்பெனியின் கணக்குகளைத் தொகுத்து, விலை மதிப்பிட்டு, வாங்க வாய்ப்புள்ளவர்களைத் தேடி, சுற்றுச் சுற்றாக ஏலம் நடத்துகிறது. விலை நியாயமானதுதான் என்று இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதமும் கொடுக்கும். பங்குதாரர்கள் பின்னால் வழக்குப் போட்டால் அதுதான் குழுவின் கேடயம். வாங்குபவர் பக்கத்து வங்கிகள் கடனைத் திரட்டுகின்றன. அதைத் தங்களிடமே வைத்துக்கொள்வது குறைவு. கடன் பத்திரங்களாகவும் சிறு சிறு கடன் கூறுகளாகவும் பிரித்து மற்ற முதலீட்டாளர்களிடம் விற்றுவிடுகின்றன. இந்தச் சேவைகளுக்கான கட்டணத்தில் பெரும்பகுதி பேரம் முடியும் நாளில் கிடைக்கிறது. பேரம் வேண்டாம் என்று சொல்வதால் அந்த மேசையில் இருக்கும் எவருக்கும் வருமானம் இல்லை. இந்தத் தொழிலின் ஆழமான குறை இது என்று நான் கருதுகிறேன். ஐந்தாண்டு கழித்துக் கம்பெனி எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு, கட்டணம் வாங்கிக்கொண்டு போனவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

டாய்ஸ் ஆர் அஸ் வாங்கப்படும்போதே திடகாத்திரமாக இல்லை. 1998-லேயே பொம்மை விற்பனையில் வால்மார்ட் அதை முந்திவிட்டது. 2000-ல் இணைய விற்பனையை அமேசானிடம் ஒப்படைத்த ஒப்பந்தம், நீதிமன்ற வழக்கில் போய் முடிந்தது. வாங்கியவர்களுக்கு அந்தக் கடைகளின் நிலமும் கட்டடமும் பெரிய ஈர்ப்பு. ஆனால் இப்படிப் போட்டி நெருக்கும் ஒரு கடைக்குத்தான் கையில் பணம் அதிகம் தேவை: கடைகளைப் புதுப்பிக்க, இணையதளத்தைச் சீராக்க, விலையைக் குறைக்க. அந்தப் பணம் வட்டிக்கும் தவணைக்கும் போனது, ஆண்டுக்குச் சுமார் 40 கோடி டாலர். 2010-ல் பங்குச் சந்தைக்குத் திரும்ப விண்ணப்பித்து, 2013-ல் அதைக் கைவிட்டார்கள். அமேசான் வளர்ந்துகொண்டே இருந்தது. கடன் ஏறக்குறைய 500 கோடி டாலரில் அப்படியே நின்றது.

2017 செப்டம்பரில், திவால் வதந்தி பரவியதும் சரக்கு அனுப்புவோர் ரொக்கம் கேட்கத் தொடங்கினார்கள். கிறிஸ்துமஸ் விற்பனைக்கு முன்பு பொம்மைக் கடைக்கு இதைவிட மோசமான அடி இல்லை. கம்பெனி திவால் பாதுகாப்பு கோரியது. அந்தப் பருவ விற்பனையும் படுத்துவிட, 2018 மார்ச்சில் எல்லாவற்றையும் விற்று மூடும் முடிவு வந்தது. ஜூன் இறுதியில் அமெரிக்காவின் கடைசிக் கடைகளும் மூடப்பட்டன.

எல்லாக் கடன் பேரமும் இப்படி முடிவதில்லை. பிளாக்ஸ்டோன் 2007-ல் ஹில்டன் ஹோட்டல்களை 2,600 கோடி டாலருக்கு, பெரும்பாலும் கடனில்தான் வாங்கியது. அடுத்த ஆண்டே நிதி நெருக்கடி. ஆனால் கடன் கொடுத்தவர்கள் 2010-ல் கடனைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள், பிளாக்ஸ்டோன் மேலும் பணம் போட்டது, ஹோட்டல்கள் பெருகின. 2018 மே மாதம் கடைசிப் பங்கையும் விற்று வெளியேறியபோது சுமார் 1,400 கோடி டாலர் லாபம். ஹில்டனுக்குக் கிடைத்த கால அவகாசமும் புதுப் பணமும் பொம்மைக் கடைக்குக் கிடைக்கவில்லை.

திவாலில் வரிசை ஒன்று உண்டு. சொத்தை ஈடாகப் பெற்றவர்கள் முதலில். ஈடில்லாமல் சரக்கு கொடுத்தவர்கள் பின்னால். டாய்ஸ் ஆர் அஸ் திவால் வழக்கில் மேலதிகாரிகளுக்கு ஊக்கத்தொகை தர நீதிமன்றம் அனுமதித்தது. வேலை இழந்த 30,000-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பணிநீக்க இழப்பீடு இல்லை. அவர்களில் இருபது, முப்பது ஆண்டு வேலை பார்த்தவர்களும் உண்டு. அவர்கள் சும்மா இருக்கவில்லை. தங்களைப் போன்ற ஊழியர்களின் ஓய்வூதியப் பணம்தான் பிரைவேட் ஈக்விட்டி நிதிகளில் இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டு, ஓய்வூதிய வாரியங்களின் கூட்டங்களுக்கே போய்ப் பேசினார்கள். 2018 நவம்பரில் கேகேஆரும் பெய்னும் சேர்ந்து 2 கோடி டாலர் உதவி நிதி அறிவித்தன. அதைத் தலைக்குப் பிரித்தால் 700 டாலர்கூட வராது.

கம்பெனியின் தலைமையகம் இருந்த நியூஜெர்சி மாநிலம், 2020 ஜனவரியில் ஒரு சட்டம் இயற்றியது. பெரிய நிறுவனங்கள் கூட்டமாக ஆட்களை நீக்கினால், வேலை பார்த்த ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு வாரச் சம்பளம் வீதம் கட்டாய இழப்பீடு. அமெரிக்க மாநிலங்களில் அப்படி ஒரு சட்டம் அதுதான் முதல். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.