திகிற் படங்களும் திருநாளின் முன்னிரவும்

ஆண்டுதோறும் அக்டோபர் மாதம் வந்ததும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் திகிற் படங்களை நாடிச் செல்கின்றனர். சிலர் திரைப்பட விழாக்களில் கூடுகின்றனர். சிலர் விளக்குகளை அணைத்துவிட்டு இல்லத்தில் நண்பரோடு அமர்கின்றனர். வாழ்வில் நாம் தவிர்க்க விழையும் அச்சத்தை மனிதர் பணம் கொடுத்துப் பெறுவது ஏன்? இதனைத் தீயது எனத் தள்ளுவதும் எளிது. வெறும் வேடிக்கை என விடுவதும் எளிது. அதற்குமுன் இவ்வின்பத்தின் இயல்பை அறிந்துகொள்வது மேய்ப்புப் பணியாளரின் கடன்.

1. இரவின் பின்னணி

ஹாலோவீன் என்னும் சொல், சகல பரிசுத்தவான்கள் திருநாளுக்கு முந்திய மாலை எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் குறுக்கமாகும். மேற்குத் திருச்சபையில் எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் நவம்பர் 1 அத்திருநாளாக நிலைபெற்றது. குளிர்காலத் தொடக்கத்தில் கெல்ட்டிய மக்கள் கொண்டாடிய விழாவின் வழக்கங்களும் இதனோடு கலந்தன என்பர். 19-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாடுகளிலிருந்து குடியேறியோர் இதனை அமெரிக்காவில் பரப்பினர். ஆகவே, மரணத்தையும் மரித்தோரையும் நினைப்பிக்கும் இவ்விரவு திருச்சபைக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

2. விழாவிலும் இல்லத்திலும்

ஸ்பெயினில் பார்சலோனாவுக்கு அருகேயுள்ள கடற்கரை ஊராகிய சிட்ஜஸில், கற்பனைப் படங்களுக்கும் திகிற் படங்களுக்குமான விழா 1968-இல் தொடங்கியது. இன்று அது அக்டோபரில் நடைபெறுகிறது. மக்கள் நடைப்பிணங்களாக வேடமிட்டுத் தெருக்களில் ஊர்வலம் செல்வதும் உண்டு. இத்தகைய கூட்டங்களில் ஒருவர் அலற, அடுத்தவர் நகைக்கிறார். பின்பு இருவரும் சேர்ந்து கைதட்டுகின்றனர். தனியே தாங்கவொண்ணாத அச்சம், பலரோடு பகிரப்படுகையில் தாங்கத்தக்கதாகிறது.

இல்லத்திற்குள் இப்படங்கள் நுழைந்தது தொலைக்காட்சியின் வழியே. 1931-இல் வெளிவந்த டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன் முதலிய பழைய படங்கள் 1957-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு வழங்கப்பட்டன. பின்னர் வீடியோ கேசட்டும், அதன்பின் இணையமும் வந்தன. ஜான் கார்ப்பென்டர் 1978-இல் இயக்கிய ஹாலோவீன் என்னும் படத்திலேயே, அவ்விரவில் பிள்ளைகள் தொலைக்காட்சியில் 1951-ஆம் ஆண்டின் திகிற் படமொன்றைக் காண்கின்றனர். மெய்யான ஆபத்தோ வெளியே தெருவில் நிற்கிறது. இல்லத்தில் அமர்ந்து இதைக் காண்போர் தம் நிலையையே திரையில் காண்கின்றனர்.

3. அச்சம் இன்பமாவது எவ்வாறு?

அச்சமும் இரக்கமும் எழுப்பப்பட்டு அவற்றினின்று ஒரு தூய்மை பிறப்பதாக அரிஸ்டாட்டில் துன்பியல் நாடகத்தைப் பற்றிக் கூறினார். நோயல் கேரல் 1990-இல் வெளியிட்ட நூலில், இன்னதென்று அறியவொண்ணாத உருவை அறியும் ஆவலே இன்பத்தின் ஊற்று என்றும், அருவருப்பு அதற்கு நாம் செலுத்தும் விலை என்றும் விளக்கினார். ருடால்ஃப் ஓட்டோ 1917-இல் எழுதிய புனிதம் பற்றிய நூலோ நமக்கு இன்னும் நெருங்கியது. நடுங்கச் செய்வதும் ஈர்ப்பதும் புனிதத்தின் இரு முகங்கள் என்றும், பேய்க்கு அஞ்சும் அச்சம் அப்புனித நடுக்கத்தின் பண்படாத வடிவம் என்றும் அவர் கருதினார்.

4. கண் எதைக் கற்கிறது?

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. அகுஸ்தீன் தமது அறிக்கைகள் நூலில் அலிப்பியு என்னும் நண்பரைப் பற்றி எழுதுகிறார். வாள்வீரர் போரைக் காண மறுத்துக் கண்களை மூடியிருந்த அவர், கூட்டத்தின் பேரொலி கேட்டுக் கண் திறந்தார். திறந்தவர் கொடுமையில் மயங்கிப்போனார். கூட்டத்தோடு காண்பது அச்சத்தைத் தணிப்பதுபோல மனச்சான்றையும் தணித்துவிடக்கூடும்.

ஆயினும் எல்லாப் படங்களும் கொடுமையையே கற்பிப்பதில்லை. ஜார்ஜ் ரொமேரோவின் உயிருள்ள பிணங்களின் இரவு என்னும் 1968-ஆம் ஆண்டுப் படத்தில், நடைப்பிணங்களோடு போராடி இரவைக் கடந்த கறுப்பின இளைஞனைக் காலையில் காப்பாற்ற வந்தவர்களே பிணமெனக் கருதிச் சுட்டுக் கொல்கின்றனர். காண்போர் அதுவரை அஞ்சியது பிணங்களுக்கு. முடிவில் அஞ்சுவதோ மனிதருக்கு. அறிமுக அட்டையில் பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டதால் இப்படம் பொதுவுடைமையாகி, எண்ணற்ற இல்லங்களை அடைந்தது.

5. முடிவுரை

எனவே, திகிற் படம் கண்டீரா என்று இளைஞரைக் கேட்பதில் பயன் சிறிது. படம் முடிந்தபின் யாருக்காக வருந்தினீர் என்று கேட்பதே தகும். வீழ்ந்தவனுக்காக வருந்திய கண் ஏதோ கற்றிருக்கிறது. கொன்றவனின் திறமையை மட்டும் வியந்த கண்ணுக்கு உதவி வேண்டும். அஞ்சி எழுந்து செல்லும் சிறுவரைக் கோழை என நகைத்தலும் ஆகாது.

கடலின்மேல் நடந்து வந்தவரைக் கண்ட சீடர் ஆவேசம் என்றெண்ணி அலறினர் (மாற்கு 6:49). அவர் அவர்களது அச்சத்தை இகழவில்லை. அருகே வந்து பேசினார். மரணத்தைப்பற்றி நாம் அருளுரைகளில் பேசத் தயங்கினால், நம் மக்கள் அதைத் திரையிலேயே சந்திப்பர். அப்பொழுது அவர்கள் அருகே இருப்பது நம் பணி.