பார்த்தால் வராது, போட்டால் வரும்!

"பாடம் புரிகிறது, அம்மா! கணக்குத்தான் வரமாட்டேன் என்கிறது."

கல்லூரியில் முதல் வருஷம் பௌதிகம் எடுத்துக்கொண்ட பெண் இருக்கும் வீடுகளில் இந்தப் புலம்பல் அடிக்கடி காதில் விழும். இயற்பியல் என்கிறார்களே, அதேதான் பௌதிகம். பள்ளியில் தமிழில் படித்துவிட்டு, கல்லூரியில் இங்கிலீஷ் புத்தகத்தைப் பிரிக்கும் பெண்ணானால் கேட்கவே வேண்டாம்! இரண்டு பரீட்சைகளில் மார்க் குறைந்ததும், "நான் இதற்கு லாயக்கில்லை" என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டுவிடுகிறாள்.

அந்தத் தீர்ப்பை நாமும் அவசரப்பட்டு ஒப்புக்கொண்டுவிடலாமா? புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் 1904-ல் முத்துலட்சுமி என்ற பெண் சேர விரும்பியபோது, ஆண்கள் படிக்கும் இடத்தில் பெண்ணா என்று பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் துணிந்து இடம் கொடுத்தார். அந்தப் பெண்தான் 1912-ல் மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவ்வளவு பாடுபட்டுத் திறந்த கதவை, நாலு கணக்கு வரவில்லை என்பதற்காக நம் பெண்கள் தாங்களே சாத்திக்கொள்ளலாமா?

கணக்கு வருவதற்கு வழி என்ன? அதற்கும் புதுக்கோட்டையே பதில் சொல்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் கொடுத்த ஊக்கத்தால் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். 1992-ல் மகளிர் தினத்தன்று 1500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு ஊர்வலம் வந்தபோது ஊரே வாயடைத்துப் போயிற்று.

சைக்கிள் எப்படி ஓடுகிறது என்று பிரசங்கம் கேட்டா அவர்கள் பழகினார்கள்? இல்லை. ஏறினார்கள், விழுந்தார்கள், மறுபடியும் ஏறினார்கள். பௌதிகக் கணக்கும் அப்படித்தான். புத்தகத்தில் போட்டுக் காட்டியிருக்கும் கணக்கைப் படிப்பது, பிறர் சைக்கிள் விடுவதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பது மாதிரி. எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும்; ஏறி உட்கார்ந்தால்தான் சங்கதி தெரியும்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஒரு பெண் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிளில் வருகிறாள். குறுக்கே ஆடு வருகிறது. பிரேக் பிடிக்கிறாள், வேகம் ஒரே சீராகக் குறைந்து, 2 வினாடியில் சைக்கிள் நிற்கிறது. அதற்குள் எவ்வளவு தூரம் ஓடியிருக்கும்?

அவசரக்காரப் பெண் 18-ஐப் பாதியாக்கி, 2-ஆல் பெருக்கி, 18 மீட்டர் என்று எழுதிவிடுவாள். மூன்று புடவைகளை நீளவாட்டில் விரித்தாலும் போதாத தூரம்! அந்த ஆடு பிழைக்குமா? எங்கேயோ தப்பு. வேகம் கிலோமீட்டரில் இருக்கிறது, நேரம் வினாடியில் இருக்கிறது. மணிக்கு 18 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 5 மீட்டர். ஆரம்பத்தில் 5, முடிவில் பூஜ்யம், சராசரி இரண்டரை. இரண்டு வினாடிக்கு 5 மீட்டர். ஒரு புடவை நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. இது நம்பும்படி இருக்கிறது அல்லவா?

இதோடு விட்டுவிடக் கூடாது. வேகம் இரண்டு மடங்கானால்? பிரேக் அதே பிரேக்தான். நிற்க 4 வினாடி ஆகும், சராசரி வேகம் 5 மீட்டர், ஆகவே தூரம் 20 மீட்டர். வேகம் இரு மடங்கு, தூரம் நான்கு மடங்கு! ஸ்கூட்டரில் பறக்கும் பிள்ளைகளுக்கு ஆயிரம் புத்திமதி சொல்வதைவிட இந்த ஒரு கணக்கைப் போடச் சொல்வது மேல்.

பாட்னாவில் பௌதிகம் கற்பித்து, பின்பு கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த எச்.சி.வர்மாவின் புத்தகம் 1992-ல் வெளிவந்தது. இன்றும் மாணவர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் கேள்விகளும் கணக்குகளும் வரிசையாகக் காத்திருக்கும். விடையைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கால் மணி நேரமாவது முட்டி மோதிப் பார்க்கவேண்டும். வராத கணக்கை, வழி பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு, மூன்று நாள் கழித்து ஏட்டை மூடிவைத்துவிட்டு மறுபடி போடவேண்டும். அப்போது வந்தால்தான் வந்தது என்று அர்த்தம்.

"எனக்கே பௌதிகம் தெரியாதே, நான் என்ன உதவி செய்வது?" என்கிறீர்களா? சகோதரிகளே, நீங்கள் மூன்று கேள்வி கேட்டால் போதும். "என்ன கொடுத்திருக்கிறார்கள்? எதைக் கேட்கிறார்கள்? வந்த விடை நம்பும்படி இருக்கிறதா?" உங்களுக்குப் புரியும்படி அவள் பதில் சொல்லிவிட்டால், பாதிக் கணக்கு முடிந்த மாதிரிதான். மிச்சப் பாதிக்குப் பென்சிலும் காகிதமும் கொஞ்சம் பொறுமையும் இருக்கவே இருக்கின்றன.