உயர்கல்வித் தர மேலாண்மையில் ஆட்டக் கோட்பாடு: ஆய்வு வெளியீட்டு மதிப்பீட்டை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஆய்வுக்கட்டுரைகளின் எண்ணிக்கை பணி உயர்வுக்கு அளவுகோலாகும்போது ஆய்வின் தரம் ஏன் தாழ்கிறது என்பதை ஆட்டக் கோட்பாட்டின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. மதிப்பீட்டு விதி மாறினால் ஆசிரியரின் தெரிவும் மாறும் என்பதை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: ஆட்டக் கோட்பாடு, நாஷ் சமநிலை, உயர்கல்வி, தர மேலாண்மை.

முன்னுரை

ஒருவர் எடுக்கும் முடிவின் பயன் பிறர் எடுக்கும் முடிவையும் சார்ந்திருக்கும் சூழல்களை ஆராய்வது ஆட்டக் கோட்பாடு. ஜான் வான் நியூமன், ஆஸ்கர் மார்கென்ஸ்டர்ன் ஆகியோர் 1944இல் வெளியிட்ட நூல் இதற்கு அடித்தளமிட்டது. பிறர் தம் முடிவை மாற்றாத நிலையில், எவரும் தம் முடிவை மட்டும் மாற்றிப் பயனைக் கூட்டிக்கொள்ள இயலாத நிலையே நாஷ் சமநிலை எனப்படுகிறது.

எண்ணிக்கை ஆட்டம்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆசிரியர்களின் ஆய்வு வெளியீடுகளுக்கு மதிப்பெண் வழங்கும் முறையைக் கொண்டுவந்தன. இச்சூழலில் ஒரு துறையின் இரு ஆசிரியர்களைக் கருதலாம். ஆழமான ஒரு கட்டுரையை எழுதுவதா, மேலோட்டமான பல கட்டுரைகளை எழுதுவதா என்பதே அவர்கள் முன்னுள்ள தெரிவு. விளக்கத்திற்காகப் பயன்மதிப்புகளைப் பின்வருமாறு கொள்ளலாம்.

1. இருவரும் ஆழத்தை நாடினால் ஒவ்வொருவருக்கும் 3.
2. ஒருவர் மட்டும் எண்ணிக்கையை நாடினால் அவருக்கு 4, மற்றவருக்கு 1.
3. இருவரும் எண்ணிக்கையை நாடினால் ஒவ்வொருவருக்கும் 2.

மற்றவர் எதைத் தேர்ந்தாலும் எண்ணிக்கையே ஒருவருக்குக் கூடுதல் பயன் தருகிறது. ஆகவே இருவரும் 3ஐ இழந்து 2இல் நிலைகொள்கின்றனர். கைதிகளின் இக்கட்டு எனப்படும் ஆட்டத்தின் வடிவம் இதுவே. நேர்மையான ஆய்வாளரும் இவ்விதியின்கீழ் அந்நிலைக்குத் தள்ளப்படுகிறார்.

விதி மாற்றங்கள்

தரமற்ற இதழ்களைத் தவிர்க்க 2018இல் அறிவிக்கப்பட்ட யுஜிசி-கேர் பட்டியல் 2025இல் கைவிடப்பட்டது. எந்த இதழ் கணக்கில் சேரும் என்பதையே பட்டியல் வரையறுத்தது; எண்ணிக்கையின் பயன்மதிப்பு அவ்வாறே நின்றது. பட்டியலிலுள்ள இதழ்களின் பெயரில் போலி இதழ்கள் தோன்றியதும் இதனாலேயே ஆகும்.

ஜெர்மனியின் ஆய்வு நிதியமைப்பான டிஎஃப்ஜி 2010இல் வேறு வழியை மேற்கொண்டது. நிதி கோருவோர் தம் தன்விவரக் குறிப்பில் முதன்மையான ஐந்து வெளியீடுகளை மட்டுமே காட்டலாம் என வரையறுத்தது. இவ்வரம்பு பணி உயர்வுக்கும் பொருந்துமாயின், ஆறாவது கட்டுரைக்குப் பயன் இராது. மேற்கண்ட ஆட்டத்தில், எண்ணிக்கையை மட்டும் நாடுபவரின் 4 என்பது 2 ஆகக் குறையும். ஆழத்தை நாடுபவரின் 1 என்பது 3 ஆக உயரும். அப்போது ஆழமே இருவருக்கும் மேலான உத்தியாகிறது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மதிப்பீட்டாளரும் இவ்வாட்டத்தில் ஒரு பங்கேற்பாளரே. அவர் ஐந்து கட்டுரைகளையும் படிக்காமல் இதழின் பெயரை மட்டும் நோக்கினால், போட்டி எண்ணிக்கையிலிருந்து இதழ்ப் பெயருக்கு இடம்பெயரும். எனவே படித்து மதிப்பிடுவதற்கான கால அளவும், முடிவிற்கான எழுத்துவழிக் காரணமும் விதியிலேயே இடம்பெற வேண்டும்.

முடிவுரை

ஆய்வுத் தரக் குறைவைத் தனிமனித ஒழுக்கச் சிக்கலாக மட்டும் கருதும்வரை, தண்டனையும் பட்டியலும் மாறி மாறி வரும். மதிப்பீட்டு விதியை வகுக்கும்போதே அது எத்தகைய சமநிலைக்கு இட்டுச்செல்லும் என ஆராய்வது உயர்கல்வி மேலாண்மையின் முதற்கடமையாகிறது.